எல்லாம் ஒரே தண்ணிதான்

கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வருவது, பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்குக் குழம்பு வருவதைப் போலத்தான். வரும், ஆனால் வாளியின் அடியைச் சுரண்டிப் போடுவார்கள். மேட்டுத் தொட்டியில் கிளம்புகிற குழாய் முதல் தெருவில் பீறிட்டு, நடுத் தெருக்களில் ஒழுங்காக ஓடி, சாக்கடைக்குள் இறங்கி ஏறி, கடைசித் தெருவுக்கு வந்து சேரும்போது மூச்சு வாங்கும். முதலில் வருகிற இரண்டு குடத்தை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதைக் கீழே கொட்டி, அடுத்த குடத்தை வடிகட்டி, காய்ச்சி, ஆற்றிக் குடித்துத்தான் அந்தத் தெரு தன் பிள்ளைகளை வளர்த்தது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மூக்கு சொல்லிக் கொடுத்தது.

அந்த மூக்கை நம்பவேண்டாம், போனை நம்புங்கள் என்று சொன்னவள் பச்சையக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தினமும் காலையில் ஊரார் போனுக்கெல்லாம் ஒரு பச்சை வட்டத்தை அனுப்பிவைக்கிறவள் என்பதால் பச்சையக்கா ஆகிவிட்டாள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு டைப் அடிக்கும் வேலை. நிறுவனத்தை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற டீச்சரம்மா. நல்ல தண்ணீர் கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அந்தச் சைக்கிள் கடையையே மூடிவிடலாம். கடைசியில் தண்ணீர் அலுவலகம் மனமிறங்கி இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தது. ஊரின் ஐந்து தெருக்களுக்கும் நேராக அன்றன்றைய சோதனை எண். எல்லாம் வெளிப்படை, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், பாதி நேரம் திறக்காத ஒரு பக்கத்தை யார் பார்ப்பார்கள்? பார்க்கமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் திறந்தார்கள்.

பச்சையக்கா பார்த்தாள். இணையத்தில் சும்மா கிடைக்கிற தானியங்கிக் கருவி ஒன்றை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். இது நடந்தால் அதைச் செய் என்று சொல்லிவிட்டால் போதும், அது சலிக்காது, லீவு கேட்காது. காலையில் அந்தப் பக்கத்தைத் தானே திறக்கும், எண்ணைப் படிக்கும், எண் எல்லைக்குள் இருந்தால் அந்தத் தெருக்காரர்களின் குழுவுக்குப் பச்சை வட்டமும், தாண்டினால் சிவப்பு வட்டமும் அனுப்பும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பொய் எண்ணை அவளே கொடுத்துப் பார்த்தாள். சிவப்பு வந்தது. அறைக்குள் ஒற்றையாளாக நின்று கை தட்டினாள்.

அதற்குப் பிறகு சிவப்பு வரவே இல்லை. நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டாள்.

பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில், ‘இன்று உங்கள் தெருத் தண்ணீர் நன்று’ என்று எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தால் மொட்டையாக இருந்தது. ‘அப்படியே குடிக்கலாம்’ என்று இன்னும் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தாள். அலுவலகத்தின் பக்கம் எந்த மூலையிலும் அப்படிச் சொல்லவில்லை. எண்ணைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. அந்த இரண்டு வார்த்தைகள் இவளுடையவை.

அந்த வார்த்தைகளுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமில்லை. வெளியிலிருந்து ஆட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். டீச்சரம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் அவளை எழுப்பி நிற்கவைத்தார். கடைசித் தெருப் பெண்கள், விடிந்ததும் அடுப்பில் ஏற்றுகிற பெரிய பானையைப் பரண்மேல் கவிழ்த்து வைத்தார்கள். அந்தத் தெருவில்தான் அவள் தங்கச்சி, சின்னவள், வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் வெல்டர். கல்யாணமாகி வெகுநாள் கழித்து இப்போதுதான் மாசமாக இருந்தாள்.

ஒருநாள் பச்சையக்கா போயிருந்தபோது சின்னவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு குழாயடியில் நின்றாள்.

“அக்கா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது.”

“குளோரினா இருக்கும்டி.”

“குளோரின் வாடை எனக்குத் தெரியாதா? இது வேற. ஈரத்துணிய மடிச்சு மூலையில வச்ச மாதிரி.”

“வயித்துல புள்ள இருக்கறப்ப எதுலதான் வாடை அடிக்காது. எம்பொண்ணு வயித்துல இருந்தப்ப உங்க மாமா பக்கத்துல வந்தாலே எனக்குக் குமட்டும்.”

“அது இப்பவும் குமட்டுறதுதானே. மாமா ஒடம்புல எப்பவும் கிரீஸ் வாடை.” சிரித்தாள். “காய்ச்சிடவாக்கா?”

“இன்னைக்குப் பச்சை வந்திருக்குல்ல?”

“வந்திருக்கு.”

“அப்புறம் என்ன. இந்த வயித்த வச்சுக்கிட்டு அடுப்படியில நின்னு வேகாத. காலு வேற வீங்கிக் கிடக்கு.”

“நீ சொன்னாச் சரிக்கா.”

அவ்வளவுதான் பேச்சு. மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை நிரம்பி ரோட்டில் ஓடியது. வடிந்து சில வாரம் கழித்து, தெருவில் முதலில் ஒரு பையனுக்குக் கண் மஞ்சளித்தது. அடுத்து அவன் அம்மாவுக்கு. அப்புறம் கணக்கில்லை. கடைசித் தெருவே பாதி எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தது. சின்னவளை மட்டும் வெல்டர் தூக்கிக்கொண்டு ஓடினான். மாசமாக இருக்கிறவளுக்கு இந்தக் காமாலை வந்தால் அது வேறு மாதிரி என்று டாக்டரம்மா அவனை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். தண்ணீரில் வந்தது, கல்லீரல் வீங்கியிருக்கிறது, தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே இப்போதைக்கு நம் கையில் இல்லை என்றார்.

வார்டில் வரிசையாகக் கட்டில்கள். கட்டிலில் இடமில்லாதவர்கள் கீழே பாய் விரித்திருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள், எல்லாம் மஞ்சள் பூசிய முகங்கள். பச்சையக்கா கஞ்சித் தூக்கோடு உள்ளே போய் நின்றபோது தலையணைக்கு அடியிலும் ஜன்னல் கட்டையிலும் இருந்த போன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன.

வெல்டர் தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினான். மரியாதை தெரிந்தவன். அவளை நிமிர்ந்து பார்த்துக்கூடப் பேசமாட்டான்.

“படிங்கக்கா.”

“தம்பி...”

“சத்தமாப் படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும். நீங்க அனுப்பினதுதானே.”

“இன்று உங்கள் தெருத் தண்ணீர் நன்று,” என்று படித்தாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

“மிச்சம் யாரு படிப்பா?”

வார்டே வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கீழே பாயில் கிடந்த ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னவள் கண் திறக்காமலே, “அவளை விடுங்க. அவ என்ன செய்வா,” என்றாள். வைவதைவிட அதுதான் சுட்டது.

வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து முதல் வேலையாகத் தெருக் குழுக்களுக்குச் செய்தி போவதை நிறுத்தினாள். கருவியை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் அந்தப் பக்கத்தைப் படித்துத் தனக்கு மட்டும் சொல்லும்படி வைத்துக்கொண்டாள். தெருவே காமாலையில் கிடக்கும்போது எந்த முகத்தோடு பச்சை போடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவர்கள் ஒரு தெருவையே மறைக்கிறார்களே என்று பல்லைக் கடித்தாள்.

மறுநாள் டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் அலுவலகத்துக்குப் போனாள். பொறியாளர் வயது குறைந்த ஆள், தன்மையாகப் பேசினார். உட்காருங்கள் என்றார். மேஜைக்குப் பக்கத்தில் கடையில் வாங்கிய குடிதண்ணீர்க் கேன் ஒன்று தலைகீழாக நின்றது.

“எங்க வேலை ரொம்ப சிம்பிள் மேடம். லேப் என்ன சொல்லுதோ அதப் போடறோம். லேப் பாட்டில்ல என்ன இருக்கோ அதச் சொல்லுது. ஒவ்வொரு தெருவுலயும் அந்தத் தெருக் குழாயிலதான் பாட்டில் பிடிக்கறாங்க. தண்ணி நல்லாத்தான் இருக்கு. அவங்க பாத்திரத்தச் சரியாக் கழுவறாங்களான்னு தெரியல.”

“ஒரு தெரு மொத்தமுமா சார் பாத்திரம் கழுவாம இருக்கு?” என்றாள் பச்சையக்கா.

“நான் அப்படிச் சொல்லல.”

“கடைசித் தெருவுல பாட்டில் பிடிக்கறது யாரு? அந்த ஆளக் கூப்பிடுங்க. எந்தக் குழாயில பிடிச்சாருன்னு நான் கேக்கறேன்.”

வாசலில் நின்ற சூப்பர்வைசர் லேசாகச் சிரித்தார். வெறும்வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த சிரிப்பு அது.

“யாருன்னு மேடத்துக்குத் தெரியாதா சார்? அவங்க வீட்டுக்காரர்தான். நம்ம சாவிக்காரர்.”

பச்சையக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். டீச்சரம்மா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவள் பார்க்கவில்லை. படியிறங்கும்போது டீச்சரம்மாதான் பேசினார்.

“எங்கிட்ட நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்மா.”

“வால்வு திறக்கறாருன்னுதான் டீச்சர் எனக்குத் தெரியும்.”

“சரி விடு. சத்தமில்லாம அந்தக் குழுவையெல்லாம் கலைச்சிரு. நாம சொன்னது அவங்க போட்ட தகவலத்தானே. நம்ம மேல தப்பு வராது.”

“வராதா? வந்து வார்டுல படுத்துக்கிடக்கு டீச்சர். எந்தங்கச்சி வயித்துல கிடக்கு.”

டீச்சரம்மா குடையை விரித்துக்கொண்டு நடந்தார். பச்சையக்கா அவர் பின்னால் போகவில்லை.

சாவிக்காரர் என்றால் வால்வு திறக்கிறவர். ஆளுயர இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடிவதற்கு முன்னே கிளம்பிவிடுவார். தெருத்தெருவாக மூடியைத் தூக்கிக் குழிக்குள் சாவியை இறக்கித் திருகுவார். அவர் திருகினால் தண்ணீர், திருகாவிட்டால் வெறுங்காற்று. முதல் தெருவில் மோட்டார் ரூமை ஒட்டிய ஓட்டு வீடு அவர்களுடையது. அதே தெருவில் நாலு வீடு தள்ளித்தான் பொறியாளரின் குடியிருப்பும். நனைந்த காலோடு வீட்டுக்கு வருவார், காலைத் துடைப்பார், சாப்பிடுவார். வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. ஒரே கூரைக்கு அடியில் அவர் பாட்டிலை நிரப்பினார், இவள் அதை ஊருக்கெல்லாம் ஊற்றினாள். இந்தக் கூத்து வேறெந்த வீட்டிலாவது நடக்குமா?

சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து சாவியின் நுனிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கடைசித் தெரு பாட்டில எங்க பிடிக்கறீங்க?”

கிரீஸ் தடவிய கை நின்றது.

“யாரு என்ன சொன்னா?”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“ரூம்லதான்.”

“எந்த ரூம்ல?”

“மோட்டார் ரூம்ல. வேற எந்த ரூமு இருக்கு.”

“அஞ்சு தெரு பாட்டிலுமா?”

“அஞ்சும்தான்.”

இல்லை என்று சொல்வார், சத்தியம் செய்வார் என்று வழியெல்லாம் எதிர்பார்த்து வந்திருக்கிறாள். மனுஷன் பொய்கூடச் சொல்லவில்லை.

“லேப் வேன் ஆறு மணிக்கு வருது,” என்றார். “அப்பதான் நான் மூணாவது தெரு வால்வத் திறந்திருப்பேன். கடைசித் தெருவுக்குத் தண்ணி போய்ச் சேர ஏழாகும். இல்லாத தண்ணிய எங்க போய்ப் பிடிக்கறது?”

“அத ஆஃபீசுல சொல்லியிருக்கணும்ல.”

“சொன்னேன். ஆரம்பத்துலயே சொன்னேன். சூப்பர்வைசர் என்ன சொன்னாரு தெரியுமா? ஒரே தொட்டிதானேய்யா, எல்லாம் ஒரே தண்ணிதானே, எங்க பிடிச்சா என்னன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்றது. நான் சாவி திருகறவன்.”

“சாவி திருகறவருக்குத் தெரியாதா, குழா எங்கெங்க பொத்துப்போயி சாக்கடைக்குள்ள கிடக்குன்னு? எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்குத்தானே தெரியும்.”

“தெரியும்.”

“ஒரே தண்ணியா அது?”

“இல்ல.”

“இல்லன்னு தெரிஞ்சே பிடிச்சீங்க.”

அவர் சாவியைச் சுவரில் சாய்த்துவைத்தார். “இங்க பாரு. அந்தப் பாட்டில எவன் பார்க்கறான்னுதான் நெனச்சேன். இத்தன வருசமா எவனும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. பெட்டியில ஏத்துவான், கொண்டுபோவான், அதோட சரி. அதப் படிச்சு நீ ஊருக்கே ஊத்துவன்னு எனக்கு யாரு சொன்னா?”

“நான் சொல்லலையா? இதே எடத்துல உட்கார்ந்து போனக் காட்டினேனே.”

“பச்சையா ஒரு வட்டத்தக் காட்டின. அழகா இருக்குன்னேன். அது என் பாட்டில்லருந்து வருதுன்னு நீ சொல்லவே இல்லியே.”

“நீங்க கேக்கவே இல்லியே.”

“நீயும்தான் கேக்கல. பாட்டில யாரு பிடிக்கறான்னு ஒருநாளாவது கேட்டியா? எந்திரம் சொல்லுச்சுன்ன, எந்திரத்துக்கு யாரு சொன்னான்னு கேட்டியா?”

அவள் செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

“சரி, அதெல்லாம் விடு,” என்றார் அவரே, குரலை இறக்கி. “சின்னவ எப்பவும் காய்ச்சித்தானே குடிப்பா. கடைசித் தெருவுல காய்ச்சாம எவ குடிப்பா? அந்த நம்பிக்கையிலதான் நான் இருந்தேன். காய்ச்சினா ஒண்ணும் வராதே.”

“நான்தான் வேண்டாம்னேன்.”

“என்ன?”

“காய்ச்சவான்னு கேட்டா. வேண்டாம், பச்சை வந்திருக்குன்னு நான்தான் சொன்னேன்.”

விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதை என்று ஊரில் சொல்வார்கள். இங்கே விளக்குப் பிடித்தவள் கரையில் நிற்கிறாள். பின்னால் வந்தவள் விழுந்து கிடக்கிறாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. வெல்டர். அவன் நாலே வார்த்தைதான் பேசினான். சின்னவ பொழச்சுக்குவாளாம். புள்ள போயிருச்சு.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும்தான் போனார்கள். வழியில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: “நீங்க எங்கிட்டச் சொன்னத அவங்ககிட்டயும் சொல்லணும். என்னைச் சொல்ல வைக்காதீங்க.” வேலை போய்விடும் என்று அவர் முனகினார். “போகட்டும்,” என்றாள். “போறதுக்கு நம்ம வேலைதான் மிச்சம்.”

சொன்னார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வேன், ஆறு மணி, மோட்டார் ரூம், எல்லாம் ஒரே தண்ணிதானே என்றது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். வெல்டர் எழுந்தான். அவன் கை எங்கே போகிறதென்று பார்த்து நர்ஸ்கூட ஓடிவந்தாள். கை கட்டில் கம்பியைப் பிடித்து நின்றது.

“போயிருங்க சகலை. இப்ப என் முன்னால நிக்காதீங்க. போயிருங்க.”

சின்னவள் அழவில்லை. அக்காவைப் பார்த்தாள். மஞ்சளான கண்ணில் இப்போது “அவ என்ன செய்வா” என்பது இல்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில், சாவிக்காரர் காலிப் பாட்டில்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். வேன் வந்தபோது பெட்டியில் வைக்க ஒன்றுமில்லை.

“தண்ணி இன்னும் கடைசித் தெருவுக்குப் போகல. ஏழு வரைக்கும் நில்லு,” என்றார் டிரைவரிடம்.

“எனக்கு இன்னும் எத்தன ஊரு இருக்கு. குடுத்தாக் குடுங்க, குடுக்காட்டிப் போங்க. பெட்டி காலியாப் போனா அங்க யாரும் அழப்போறதில்ல,” என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டான்.

அவர் சாவியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் திருகி முடித்து, கடைசித் தெருவுக்குப் போய்ச் சின்னவள் வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்தார். பச்சையக்காவும் வந்து நின்றாள். பெண்கள் குடத்தோடு சுற்றி நின்றார்கள். ஒருத்தி கேட்டாள்: “எதுக்கு இவ்வளவு தூரம்? மோட்டார் ரூமுல குழா அடைச்சுக்கிச்சா?” இன்னொருத்தி, “பச்சையக்கா வந்திருக்காங்க, எல்லாரும் அப்படியே குடிங்கடி,” என்றாள். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். தெருவுக்கு அந்த உரிமை இருந்தது.

காற்று சீறியது. முதல் தண்ணீர் வந்தது. மூன்றாவது குடத்துக்குக் காத்திருக்காமல் அதையே பிடித்தார். ஒரு பாட்டிலில் இல்லை, ஐந்து தெருவின் பெயர் ஒட்டிய ஐந்து பாட்டிலிலும் கடைசித் தெருத் தண்ணீரையே பிடித்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எல்லாம் ஒரே தண்ணிதானே. அவர்கள் சொன்ன வாய்ச்சொல்தானே.

வீட்டுக்கு வந்து அடுப்பு மேடையில் ஐந்தையும் வரிசையாக வைத்தார். கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கலங்கலாக இருந்தால் குழந்தைகூடக் குடிக்காதே. பஸ் பிடித்துத் தானே லேபுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லிப் பச்சையக்கா பையைத் தேடினாள். அவர் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தார். அப்போது அவள் போன் ஒலித்தது.

பச்சை வட்டம். கடைசித் தெரு. இன்றைய தேதி, இன்றைய மாதிரி. ‘இன்று உங்கள் தெருத் தண்ணீர் நன்று. அப்படியே குடிக்கலாம்.’

அவள் போனைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். திரும்பவும் போனைப் பார்த்தாள்.

“என்ன?” என்றார்.

“முடிவு வந்திருச்சு.”

“எதுக்கு?”

“இதுக்குத்தான்.” பாட்டில்களைக் காட்டினாள். “அஞ்சு தெருவுக்கும் வந்திருச்சு. அஞ்சும் பச்சை.”

“பாட்டில் இங்கல்ல இருக்கு.”

“ஆமா. பாட்டில் இங்க இருக்கு.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்ப அவங்க மூடியைக்கூடத் திறக்கலையா? நான் எங்க பிடிச்சிருந்தாலும் இதேதான் போட்டிருப்பாங்களா? அப்ப எதுக்கு நான் இத்தன வருசமா...”

“போதும்,” என்றாள். “உங்க பொய்ய அவங்க திறந்துகூடப் பார்க்கல, அவ்வளவுதான். அதுக்காக நீங்க பிடிச்சது நெசமாகிடாது. நான் எழுதின ரெண்டு வார்த்தையும் நெசமாகிடாது. அவங்க பங்க அவங்க தலையில வைப்போம். நம்ம பங்கு நம்ம தலையிலதான் இருக்கும்.”

அவர் தலையாட்டினார். டீத் தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது.

பச்சையக்கா ஐந்து பாட்டிலையும் பெயர்ச்சீட்டு தெரியும்படி திருப்பி வைத்தாள். போட்டோ எடுத்தாள். அலுவலகப் பக்கத்தையும் நேரம் தெரியும்படி படம் பிடித்தாள். கருவியைத் திறந்து, பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய வாக்கியத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். நிறுத்திவைத்திருந்த தெருக் குழுக்களை எல்லாம் திரும்பச் சேர்த்தாள். பொறியாளர், சூப்பர்வைசர், டீச்சரம்மா, டாக்டரம்மா, போட்டோ எடுத்துக்கொண்டு போன ஆட்கள், நம்பர் இருக்கிற ஒருவரையும் விடவில்லை. அனுப்பினாள்.

‘இன்றைய சோதனை முடிவு வந்துவிட்டது. எல்லாத் தெருவுக்கும் நன்று என்கிறார்கள். சோதிக்கவேண்டிய பாட்டில்கள் இன்னும் எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் இருக்கின்றன. இதுவரை பிடித்ததெல்லாம் மோட்டார் ரூமில், பிடித்தவர் என் வீட்டுக்காரர். குடிக்கலாம் என்று எழுதியது நான். காய்ச்சிக் குடியுங்கள்.’

முதலில் அடித்தது சாவிக்காரரின் போன்தான். சூப்பர்வைசர். வழக்கமாக எழுந்து நின்று பேசுகிறவர், இன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எடுத்தார்.

“ஆமா சார். இங்கதான் இருக்கு. ... இல்ல சார், அத அழிக்கச் சொல்ல என்னால முடியாது. ... வீட்டுல சொன்னாக் கேக்கமாட்டாங்கன்னு இல்ல சார், நான் சொல்லமாட்டேன். ... சாவியா? வந்து வாங்கிக்கங்க. கடைசித் தெருவுக்கு வாங்க, அங்க நிக்கறேன்.”

போனை வைத்துவிட்டு, பொங்கி வழிந்த டீப் பாத்திரத்தைக் கழுவப் போனார்.

அவளுடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. தெருக்காரர்கள், தெரியாதவர்கள், டீச்சரம்மா இரண்டு தடவை. எதையும் எடுக்கவில்லை. கடைசியில் சின்னவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பியவள் அக்காவிடம் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் ஈரக் கையோடு வந்து நின்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

“போட்டோ பார்த்தேன். உங்க ரெண்டு பேரு மேலயும் எனக்கு இன்னும் ஆறல. ஆறுமான்னும் தெரியல. அது கிடக்கட்டும். பாட்டிலக் கொட்டிராத. நாலக் கொண்டுபோய் வேற லேபுல குடு. முதல் தெருன்னு சீட்டு ஒட்டின பாட்டில மட்டும் எனக்கு எடுத்து வை. அது அந்த இஞ்சினியரோட தெருவுதானே. நான் எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சதும் மொத வேலையா அவரு வீட்டு வாசலுக்குப் போறேன். உங்க தெருத் தண்ணிதான் சார், அப்படியே குடிக்கலாம்னு நானே என் கையால குடுக்கறேன்.”

பச்சையக்கா நான்கு பாட்டில்களைப் பையில் வைத்தாள். ஐந்தாவதைத் துடைத்து, அடுப்புச் சூடு படாத இடமாகப் பார்த்து, உள்ளே தள்ளி வைத்தாள்.